நாக்கைக் கடிக்காத கலவை

பர்லி புகையிலையை அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. பைப் பிடிக்கப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு அது. பீடி மாதிரி இழுப்பார்கள். பைப்பின் கிண்ணம் சுடும், வாய் எரியும், சரக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். பர்லிக்கு நிதானம் வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு இழுப்பு போதும். வறுத்த வேர்க்கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதும்போது ஒரு வாசனை வருமே, நிதானமாக இழுத்தால் கிட்டத்தட்ட அந்த ருசி நாக்கில் வந்து உட்காரும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, புகையிலையைப் பற்றி எழுதுவதற்கு நீங்கள் காகிதம் தரவில்லை என்பது தெரியும். ஆனால் பாக்கியநாதன் மேஸ்திரி எப்படிச் செத்தார் என்று எழுத வேண்டுமானால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் ரைட்டர் கேட்டுக் கேட்டு எழுதுவதைவிட நானே எழுதித் தருவது சுலபம். இருபத்திரண்டு வருஷம் ஆபீஸ் கிளார்க். என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் முனிகிருஷ்ணன். வயது நாற்பத்தாறு. பள்ளிப்பட்டு பக்கத்து ஆள். கும்மிடிப்பூண்டியில் டிரங்க் ரோட்டை ஒட்டி இருக்கிற இரும்பு வார்ப்படக் கம்பெனியில் வேலை. கம்பெனி குவார்ட்டர்ஸில் கடைசி வீடு என்னுடையது. அதற்கு அப்புறம் ஒரு முள்வேலி, சவுக்குக் கன்றுகள், தண்டவாளம். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்று மாதத்தில் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. "அந்த ஊட்ல பேச்சே இல்லம்மா" என்று சொன்னாளாம். நான் போய்க் கூப்பிடவில்லை. அவள் சொன்னது சரிதான்.

அறுபத்தாறில் எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போனார். அவருடைய பங்களாச் சாமான்களுக்கு ஜாபிதா எடுத்தவன் நான். யாருக்கும் வேண்டாமல் கிடந்த இரண்டு பைப்புகளையும் அரை டஜன் ஜாடி புகையிலையையும் என்னிடமே கொடுத்தார். பைப்பை நிரப்பி, பற்றவைத்து, அணைந்ததும் மறுபடி பற்றவைத்து, கடைசியில் சாம்பலைத் தட்டிச் சுத்தம் செய்து வைக்க ஒரு மணி நேரம் ஆகும். அதனால்தான் எனக்குப் பிடித்தது. வீட்டில் தனியாக இருக்கிறவனுக்கு ஒரு மணி நேரம் கழிவது சின்ன விஷயம் இல்லை.

மேஸ்திரி என் வீட்டுக்கு வந்தது அறுபத்தொன்பதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார்.

"இன்னா கிளார்க்கு, உள்ள எரியறது சந்தனமா, பொகையிலையா?" என்றார்.

உலைப் பிரிவில் அவர் தலைமை மேஸ்திரி. இருநூறு பேர் பயப்படுகிற ஆள். சின்ன வயசில் கப்பலில் கரி தள்ளியவர், அங்கேயே பைப் பழகியவர். கரைக்கு வந்த பிறகு நல்ல சரக்கு கிடைக்காமல் பீடித்தூளைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்து நான்கு வருஷம். ஒரே மகள் கிரேஸ், டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள்.

உட்காரச் சொன்னேன். இரண்டாவது பைப்பை நிரப்பிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிண்ணம் முழுவதும் இழுத்து முடித்துவிட்டு, "இதுல கால் பங்கு பழைய எலை. ஈரம் ஜாஸ்தி. வெல்லமோ இன்னாவோ ஒரு இனிப்பு போட்டுக்கீறான்" என்றார். மூன்றும் சரி. ஜாடியின் லேபிளில் இருந்ததை நான் படித்திருந்தேன். அவர் பார்க்கவே இல்லை.

என் வீட்டில் அன்றைக்குத்தான் பேச்சு வந்தது.

மேனேஜரின் கடைசி ஜாடி தீர்ந்ததும் நாங்களே கலக்கத் தொடங்கினோம். என் தாய்மாமன் மகன் ஆந்திராவில் இலை வியாபாரம் செய்கிறான். லாரிக்காரர்களிடம் பர்லி கட்டு கொடுத்தனுப்புவான். நிழலில் காய்ந்த பழுப்பு இலை. பர்லியில் இயற்கையாக இனிப்பு கிடையாது. அதனால் எதைத் தெளித்தாலும் குடித்துக்கொள்ளும். வெல்லத் தண்ணீர், ரம், கொக்கோத் தூள். அதோடு இனிப்புக்காகக் கொஞ்சம் குண்டூர் வர்ஜீனியா இலை. ஆவி காட்டி, பட்டறையில் அடித்த இரும்புப் பெட்டியில் அழுத்தி, இரண்டு வாரம் வைத்து, கத்தியால் சீவினால் தயார். நான் கலப்பேன், மேஸ்திரி தீர்ப்புச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். பற்றவைக்கும் முன் வாசனை, முதல் நெருப்பு, கிண்ணத்தின் மேல் பாகம், நடுப் பாகம், அடிப் பாகம், சாம்பலின் நிறம், நாக்கு என்று கட்டம் போட்டிருந்தேன். வெல்லம் அரை ஸ்பூன் கூடினால் அவருக்குத் தெரியும். அந்த மாதிரி நாக்கு நான் பார்த்ததில்லை.

ஆறு வருஷம். ஞாயிறு நாலு மணி. சாயங்கால கூடூர் பாசஞ்சர் போகிற வரைக்கும் இருப்பார். கப்பல் கதை, உலைக் கதை, மகளின் கதை. இரண்டே வாரம்தான் வராமல் இருந்தார். ஒன்று கிரேஸின் கல்யாணம். இன்னொன்று சோழவரத்தில் கார் ரேஸ். ரேஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐயா, திங்கள் முதல் சனி வரை நான் ஆபீஸில் "எஸ் சார்" தவிர வேறு பேசாதவன். நம்பவில்லை என்றால் விசாரித்துப் பாருங்கள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு, பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கிளார்க்கு, இது கடிக்குதுபா" என்றார். "எடது பக்கம். நாக்கு ஓரத்துல."

வர்ஜீனியா கூடினால் நாக்கைக் கடிக்கும். அடுத்த வாரம் குறைத்தேன். அப்படியும் கடித்தது. அதற்கு ஒன்றாம் எண் என்று நோட்டில் குறித்தேன். இரண்டாம் எண்ணில் இன்னும் குறைத்தேன். அதுவும் கடித்தது. நாக்கை நீட்டிக் காட்டினார். ஓரத்தில் அவரைக் கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒரு புண். புதன்கிழமைகளில் கம்பெனிக்கு வரும் டாக்டர் பார்த்துவிட்டு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு துணுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு, முடிவைத் தபாலில் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இங்கே இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் மேஸ்திரிக்கு ரிட்டயர்மெண்ட். கிரேஸின் புருஷனுக்கு ஜாம்ஷெட்பூரில் வேலை. அப்பாவை நிரந்தரமாக அங்கேயே கூட்டிக்கொள்வதாக அவள் எழுதியிருந்தாள். ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் மேஸ்திரிக்கு நான்தான் படித்துச் சொல்வேன். அவள் தமிழில்தான் எழுதுவாள், ஆனாலும் அதையும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். "பேரப்புள்ள தாத்தா எப்ப வரும்னு கேக்குதாம் பாரு" என்று அந்த வரியை இரண்டு தடவை படிக்க வைத்தார்.

ஆஸ்பத்திரிக் கடிதம் பிப்ரவரி இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, கம்பெனி விலாசத்துக்கு வந்தது. கம்பெனி விலாசத்துக்கு வருவதைப் பிரிப்பது என் வேலை. பிரித்துப் படித்தேன். ஞாயிறு நாலு மணிக்கு மேஸ்திரி வந்ததும் கையில் கொடுத்தேன். நான் அதை மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"படிபா. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லு."

படித்தேன். "நாக்கில் உள்ளது சாதாரணப் புண். புகையிலையின் சூட்டினால் வந்தது. பயப்பட எதுவும் இல்லை. காரம் குறைந்த புகையிலையாகப் பார்த்து உபயோகிக்கவும். ஆறுவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். மறுபடி வரத் தேவையில்லை."

கடிதம் இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நாக்கின் ஓரத்தில் புற்று, சின்னதாக இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் வந்து சேர்ந்தால் வெட்டி எடுத்துக் குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது, புகையிலையை இன்றோடு நிறுத்த வேண்டும், சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரவும்.

அந்தக் கடிதத்தை நான் நம்பவில்லை, ஐயா. அதுதான் காரணம். தினமும் ஆயிரம் பேர் வருகிற இடம். சீட்டு மாறிப் போவது சகஜம். காகிதங்கள் எப்படி மாறும் என்று ஒரு கிளார்க்குக்குத் தெரியாதா? தப்பான ஒரு காகிதத்தை நம்பி ஒரு நல்ல நாக்கை வெட்டிவிடுவார்கள். அந்த நாக்கு இல்லாமல் அவர் உயிரோடு இருந்து என்ன அனுபவிப்பார்? நான் அதை யோசித்தேன்.

மேஸ்திரி பெரிதாக மூச்சு விட்டார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. "இயேசப்பா" என்றார். அப்புறம் சிரித்தார். "அப்ப ரொப்பு பைப்ப. காரம் கொறைச்சுப் போடு." கடிதத்தை மடித்து, "நீயே வெச்சிக்கோ. எங்கிட்ட இருந்தா தொலஞ்சிடும்" என்று கொடுத்தார்.

மார்ச் வந்தது. ரிட்டயரானார். ஜாம்ஷெட்பூருக்குப் பெட்டி கட்டத் தொடங்கினார். புண் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. நான் சொன்னேன், "மேஸ்திரி, இந்தப் புண்ணோட போனா பேரப்புள்ள கிட்டயே வராது. ஆறினதும் போங்களேன். இங்க ரூமு இருக்கு, சரக்கு இருக்கு, நான் இருக்கேன்."

"அதுவும் செரிதான். கொயந்த பயந்துக்கும்" என்றார். பெட்டியோடு என் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அவர் சொன்னதை மகளுக்கு நானே எழுதினேன். அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் ஓய்வு. அதில் பொய் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு மனிதனின் நாக்குக்காக இந்த உலகத்தில் யாரும் பட்டிருக்க முடியாத பாட்டை நான் பட்டேன். மூன்றாம் எண்ணில் வர்ஜீனியாவை அறவே எடுத்துவிட்டேன். நாலில் ரம்மை நிறுத்தினேன். ஐந்தில் கொக்கோவைக் கூட்டினேன், காரத்தை அது மூடும். ஆறாம் எண்ணுக்கு இலையின் நடு நரம்பை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தேன். விரல் நுனி ஒரு வாரம் பழுப்பாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தலையை இடது பக்கம் சாய்ப்பார். கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். "மேல நல்லாகீது. நடுவுல கடிக்குது" என்பார். எழுதுவேன். ஜூனில் காது வலிக்கிறது என்றார். தாடைக்குக் கீழே ஒரு கட்டி. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை.

பழவேற்காட்டிலிருந்து கோவிந்தம்மா என்று ஒரு அம்மாள் குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுவருவாள். மேஸ்திரிக்கு வஞ்சிரம் என்றால் உயிர். ஜூலையில் அவர் மீனை வேண்டாம் என்றதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் கிட்டே போய் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இன்னா சாமி இது? வாயி அழுகிக் கெடக்குது. நீயும் பாத்துகினு குந்தினுகீற. ஆசுபத்திரிக்கு இட்னு போ."

"டாக்டர் பார்த்தாச்சும்மா. கடுதாசி இருக்கு."

"கடுதாசி கெடக்கட்டும். எம் மாமியாருக்கு இப்டித்தான் வந்துச்சு. ஒரு மாசங்கூட நிக்கல."

அவள் படிக்காதவள். அவளோடு என்ன பேசுவது. அடுத்த வாரத்திலிருந்து குவார்ட்டர்ஸ் பக்கம் வர வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தேன்.

ஆனால் அவள் பேசியது மேஸ்திரியின் காதில் விழுந்திருக்கிறது. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஏழாம் எண்ணைப் பாதியிலேயே வைத்துவிட்டார். பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. "கிளார்க்கு, அந்தக் கடுதாசிய இன்னோர் தபா படி" என்றார்.

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து படித்தேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம். பிப்ரவரியில் எப்படிப் படித்தேனோ அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறவில்லை. சர்ச்சில் வசனம் கேட்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "பயப்பட எதுவும் இல்லேன்னு போட்டுக்கீதா?" என்றார்.

"போட்டிருக்கு, மேஸ்திரி."

"இங்கிலீஷ்ல அது எந்த எடம்? காட்டு."

ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன். அந்த வரியை அவர் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு பைப்பை எடுத்துக்கொண்டார். எந்த வரி என்று கேட்பீர்கள். மூன்றாவது வரி. நல்ல வாய்ப்பு இருக்கிறது என்கிற வரி.

ஒன்பதாம் எண் செப்டம்பர் கடைசியில் தயாரானது. முழுக்கப் பர்லி. மூன்று வருஷம் பழசான இலை, இரண்டு தடவை ஆவி காட்டியது, வெல்லம் கால் ஸ்பூன். நான் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஒரு கலவை இந்த ஜில்லாவில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. மேஸ்திரிக்கு அப்போது கஞ்சி இறங்குவதே கஷ்டம். பைப்பைப் பல்லில் பிடிக்க முடியவில்லை, கையால் தாங்கிக்கொண்டார். நான் தீக்குச்சியைக் கிண்ணத்தில் காட்டினேன். நாலைந்து இழுப்பு. புகை மூக்கு வழியாக வந்தது. அப்புறம் தலையை மெல்ல இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"கடிக்கலியா, மேஸ்திரி?"

மறுபடி ஆட்டினார். கையை நீட்டி என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். நாக்கு என்கிற கட்டத்தில் "கடி இல்லை" என்று எழுதினேன். நோட்டில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம். யார் என்ன சொன்னாலும் அதை மாற்ற முடியாது.

அதற்கு அடுத்த வாரம் வாயிலிருந்து ரத்தம் வந்து வாசலில் விழுந்துவிட்டார். நான் அப்போது ஆபீஸில் இருந்தேன். உலையில் அவர் கீழே வேலை பார்த்த ஜெயராஜ்தான் கம்பெனி லாரியில் போட்டு மெட்ராஸுக்குக் கொண்டுபோனான். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டாராம். பதினோராம் நாள் இறந்துபோனார். இரண்டு ஞாயிறு அந்த வார்டுக்குப் போய் நாலு மணிக்குக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு என்னைப் பார்த்தார். இரண்டாவது ஞாயிறு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளிச்சம் கண்ணில் பட்டிருக்கும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கிரேஸ் என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. "அங்கிள், டாக்டர் லெட்டர் ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு அப்பா எழுதியிருந்தாரு. ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்குன்னு எழுதினாரு. அதைப் பார்க்கணும்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். எரித்திருக்கலாம், தொலைந்துபோயிற்று என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யத் தோன்றவில்லை. அது அவர் என்னிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன காகிதம்.

நின்றபடியே படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். குழந்தையை இறக்கிவிட்டாள்.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்மா."

"அப்பாவுக்கு எப்படிப் படிச்சுக் காட்டினீங்க?"

சொன்னேன். அதே வார்த்தைகளில் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். கடிதத்தை நான் நம்பவில்லை என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். பையை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அதையும் கொண்டுவந்து உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

நேற்றிலிருந்து நீங்கள் மூன்று தடவை ஒரே கேள்வி கேட்டீர்கள். கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை. நான் படித்துக் காட்டியது ஞாயிறு. நடுவில் சனிக்கிழமை எனக்கு லீவு என்று கம்பெனி வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் சனிக்கிழமை லீவு எடுத்தது அது ஒன்றுதான். அன்றைக்கு எங்கே போனாய் என்று கேட்டீர்கள். மூன்று தடவையும் ஞாபகம் இல்லை என்றேன். என் ஞாபகசக்தியைப் பற்றி மேலே எழுதிவிட்டேன், இனி அப்படிச் சொல்ல முடியாது.

விடியற்காலை பாசஞ்சரில் மெட்ராஸுக்குப் போனேன். அதே ஆஸ்பத்திரி. வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். பைப் பிடிக்கிற பழக்கம் உண்டு, என் வாயையும் பார்த்துவிடுங்கள் என்றேன். ஒரு சின்ன வயசு டாக்டர் என் நாக்கை இழுத்துப் பிடித்து, விளக்கு அடித்து, கன்னத்துக்கு உள்ளேயெல்லாம் விரல் விட்டுப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் இன்றோடு விட்டுவிடுங்கள், இந்தப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும் என்றார். சரி என்றேன். அன்றைக்கே விட்டுவிட்டேன். அதற்கு அப்புறம் இன்றுவரை என் பைப்பில் நான் நெருப்பு வைக்கவில்லை. ஒருத்தர் இழுத்து ஒருத்தர் எழுதினால்தான் தீர்ப்பு சரியாக வரும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். செரிபா என்றார். மூன்றாம் எண்ணிலிருந்து ஒன்பது வரைக்கும் இழுத்தது அவர் ஒருவர்தான்.

அந்த டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் கேட்டார். "உங்களோட சேர்ந்து பைப் பிடிக்கிறவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா அவரையும் கையோட கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்படி யாரும் இல்லை, நான் தனி ஆள் என்றேன்.